உதட்டுக் கோடும் அக்கா வீட்டுக் குரவையும்

என்ட மேல் உதட்டுக்கு மேல கோடு விழுந்திட்டுதெண்டு கண்டுபிடிச்சது என்ட மகள். கனடாவில இருந்து வீடியோ கோலில முகத்தை வடிவாப் பார்த்திட்டு, "அம்மா, உங்கட வாய்க்கு மேல என்ன, சுருக்குப் பையை இழுத்துக் கட்டின மாதிரி?" எண்டு கேட்டவ. பெத்த பிள்ளை. கோலை வெட்டிப்போட்டு நேர அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால போய் நிண்டனான். அவ சொன்னது உண்மைதான். மூக்குக்குக் கீழ இருந்து உதடு வரைக்கும் மெல்லிசாக் கோடு கோடா இறங்கிக் கிடந்துது. வாயைக் குவிச்சுப் பார்த்தன், இன்னும் மோசம்.

எனக்குப் பொல்லாத கோவம் வந்துது. ஆரோட கோவிக்கிறதெண்டுதான் தெரியேல்லை. லிங்கநகரில வீட்டு முன்னறையில தையல் கடை வைச்சிருக்கிறன். குண்டூசியை உதட்டால கவ்விப் பிடிக்கிறது, நூலை வாயில நனைச்சு ஊசியில கோக்கிறது, வாயோட வந்த சனத்துக்குத் திருப்பிக் குடுக்கிறது, எல்லாத்துக்கும் இந்த ஒரு வாய்தான். தேயாமல் என்ன செய்யும்?

இவர் துறைமுகத்தில, பெரிய கப்பலுகளை இழுத்துக்கொண்டு வந்து கட்டுற டக் படகில எஞ்சின் பாக்கிறவர். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க கேட்டன். "இஞ்சருங்கோ, எனக்கு வாய்க்கு மேல கோடு கிடக்குதோ?" மனிசன் கப்பைக் கீழ வைச்சிட்டு யோசிச்சார். யோசிச்சதே பிழை. பிறகு, "கிடக்குது. ஆனா அது எப்பவும் கிடந்ததுதானே" எண்டார். அண்டைக்கு இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

இது இப்பிடியே போயிருக்கும், அடுத்த நாள் அக்காவின்ர கோல் வராமல் இருந்திருந்தால்.

அக்கா சம்பூரில இருக்கிறா. எனக்கு ஒரே ஒரு அக்கா. எங்கட வீட்டில பொம்பிளை எண்டு மிஞ்சினது நாங்கள் ரெண்டு பேர்தான். ரெண்டாயிரத்து ஆறில ஊரோட இடம்பெயர்ந்து, முகாம் முகாமா அலைஞ்சு, முகாமிலேயே அத்தானை நெஞ்சு வருத்தத்துக்குப் பறிகுடுத்து, திரும்பிப் போகேக்க அவவின்ர வீடு இருந்த இடத்தில கிணத்துக் கட்டு மட்டும்தான் மிச்சம். அதுக்குப் பக்கத்தில தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தவ. மகன் கட்டாரில வேலை செய்து அத்திவாரம், பிறகு சுவர், பிறகு கூரை எண்டு கட்டிக் கொண்டுவந்தவன். இப்ப அவன் லீவில வந்து நிக்க, புது வீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைச்சாச்சு.

"முதல் குரவை நீதான். தெரியுந்தானே" எண்டவ.

தெரியாதவைக்குச் சொல்லுறன். எங்கட பக்கத்தில பால் பொங்கினாலும், தாலி ஏறினாலும், கோயில்ல தீபம் காட்டினாலும் பொம்பிளையள் குரவை போடுவினம். தலையை நிமிர்த்தி, வாயைக் குவிச்சு, நாக்கை ரெண்டு பக்கமும் ஆட்டி எழுப்புற சத்தம். அது போய் அடுத்த ஒழுங்கையில கேக்க வேணும். எங்கட ஊர் வழமைப்படி முதல் குரவையை வீட்டுக்காறி தொடங்க வேணும். அவ தொடங்கினாத்தான் மற்றப் பொம்பிளையள் எடுப்பினம். விதவை எண்டால் நல்ல காரியத்தில முன்னுக்கு நிக்கிறதில்லை, குரவையும் போடுறதில்லை. அதால அந்தப் பொறுப்பு தங்கச்சிக்காறி எனக்கு.

எனக்கு இதில ஒரு கவலையும் இருக்கேல்லை. குரவையில நான் கொஞ்சம் பேர் எடுத்த ஆள். பக்கத்து வீட்டுக் கலியாணம், தெரிஞ்ச ஆக்களின்ர கோயில் பொங்கல் எண்டால் என்னை வந்து கூட்டிக்கொண்டு போவினம். உண்மையைச் சொன்னால் சின்ன வயசில என்னை விட அக்காதான் திறம். அந்தப் பழைய வீட்டுக்குப் பால் காய்ச்சேக்க அக்காவே போட்ட குரவை எனக்கு நல்ல ஞாபகம். அத்தான் காதைப் பொத்திக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டவர்.

அக்கா சொன்னதில என்ட மனசில தைச்சது வேற விசயம். "வீடியோக்காரன் வாறான்" எண்டவ. "நீ குரவை போடேக்க கிட்டப் பிடிக்கச் சொல்லி மகன் சொல்லியிருக்கிறான்."

கிட்டப் பிடிக்கிறதோ. இந்த வாயையோ.

பிளவுஸ் தைக்க வாற ஒரு ரீச்சர் ஒருக்காச் சொன்னது ஞாபகம் வந்துது. டவுனில ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில, சனி ஞாயிறில கொழும்பில இருந்து ஒரு டொக்டர் வந்து, முகத்துச் சுருக்கத்துக்கு ஊசி போடுறாவாம். ரீச்சரின்ர நெத்தி அயர்ன் பண்ணின மாதிரி இருந்ததுக்கும் அதுதான் காரணமாம். அடுத்த சனி நான் அங்க.

டொக்டர் பிள்ளைக்கு என்ட மகளின்ர வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை, மெதுவாக் கதைச்சவ. ஒரு வெளிச்சத்தைப் பிடிச்சு உதட்டைப் பார்த்திட்டு, "அன்ரி, சிகரட் பத்துறனீங்களோ?" எண்டு கேட்டவ.

நான் கதிரையில இருந்து அரைவாசி எழும்பிட்டன். எங்கட பரம்பரையில ஆம்பிளையளே சுருட்டைத் தொடாத ஆக்கள். டொக்டர் பிள்ளை பயந்து போய், இப்பிடிக் கோடு சிகரட் பத்துற ஆக்களுக்குத்தான் கூட வாறதெண்டும், வாயை அடிக்கடி குவிக்கிற ஆருக்கும் வரலாமெண்டும் விளங்கப்படுத்தினவ. ஊசி மருந்து உதட்டைச் சுத்தி இருக்கிற தசையைக் கொஞ்ச நாளைக்கு அசைய விடாதாம். தசை அசையாட்டி கோடு விழாதாம். ரெண்டு மூண்டு மாதத்தில மருந்து தானாப் போயிடுமாம்.

"ஊதுற வேலை ஏதும் செய்யிறீங்களோ அன்ரி? குழல், விசில், அப்பிடி? ஏனெண்டால் கொஞ்ச நாளைக்கு ஊத ஏலாமல் இருக்கும்."

"சீச்சீ" எண்டு சொன்னனான். "நான் தையல்காறி."

இதுக்கு மேல ஒரு மனிசி என்னத்தைத் தெளிவாக் கேக்கிறது? ஆனா குரவை என்ட மனசில வரவே இல்லை. குரவை வேலை இல்லை. அது ஊதுறதும் இல்லை. அது எங்களுக்கு இருமல், தும்மல் போல ஒண்டு. அதை ஆரும் டொக்டருக்குச் சொல்லுவினமோ?

ஊசி நுளம்பு கடிச்ச மாதிரித்தான் இருந்துது. ஜன்னலால துறைமுகத்தில ஒரு கப்பல் நிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தன், முடிஞ்சுது. வீட்டை வந்து கண்ணாடியைப் பார்த்தன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு பக்கத்தில சின்னதாக் கண்டிப்போய்க் கிடந்துது, அவ்வளவுதான். இவர் பார்த்திட்டு, "ஆரோட சண்டை?" எண்டு கேட்டார்.

நாலைஞ்சு நாள் போக, கோடு உண்மையிலேயே மறைஞ்சுது. காலமை எழும்பிப் பார்க்கிறன், உதட்டுக்கு மேல தோல் வழுவழுவெண்டு கிடக்குது. எனக்குச் சந்தோசம் தாங்க ஏலாமல் மகளுக்குக் கோல் எடுத்தன். "அம்மா, பத்து வயசு குறைஞ்சிட்டுது" எண்டு அவ சொல்ல, அந்தச் சந்தோசத்தோட போய்ப் பல்லைத் தீட்டினன். வாயைக் கொப்பளிச்சா, தண்ணி நேர போகாமல் பக்கவாட்டால போய்க் கண்ணாடியெல்லாம் அடிச்சுது. சரி, அவசரத்தில எண்டு நினைச்சன்.

அண்டைக்கு நாள் முழுக்க ஒவ்வொண்டா வெளிக்கிட்டுது. தேத்தண்ணி நாடியால வழிஞ்சுது. சூட்டை ஊதி ஆத்துவமெண்டால் காத்து வரேல்லை. குண்டூசியை உதட்டால பிடிச்சா நழுவி விழுந்து, அதைக் காலால தேடிப் பிடிச்சன். நூலை நனைக்க வாயைக் குவிச்சா உதடு எனக்குச் சொந்தமில்லாத மாதிரிச் சும்மா கிடந்துது. பிளவுஸ் எடுக்க வந்த ஒருத்தி, நான் சிரிக்க, "அக்கா, என்னில கோவமோ?" எண்டு கேட்டவ. "பின்னேரம் வாங்கோ" எண்டு சொன்னாலும் முதல் எழுத்து காத்தோட போச்சுது.

நான் இதெல்லாத்தையும் சகிச்சுக்கொண்டன். வடிவு சும்மா வருமோ எண்டு என்னை நானே தேத்திக்கொண்டன். அடுத்த நாள் காலமை குசினியில பால் அடுப்பில ஏறிப் பொங்கேக்கத்தான் எனக்குக் குரவை ஞாபகம் வந்துது. அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத் தலையை நிமிர்த்தி ஒரு குரவை போட்டுப் பார்த்தன்.

பூஸ்ஸ்.

"குக்கர் வாசர் போயிட்டுது போல" எண்டு இவர் குளியலறையில இருந்து சத்தம் போட்டார்.

குரவைக்கு நாக்கு ஆடினால் காணுமெண்டு வெளியாக்கள் நினைக்கினம். காணாது. உதடு குவிஞ்சு இறுகி நிக்க வேணும். இல்லாட்டி சத்தம் வாய்க்குள்ளயே கலைஞ்சு போயிடும். என்ட நாக்கு நல்லாத்தான் ஆடினது. உதடுதான் லீவில நிண்டுது.

டொக்டருக்குக் கோல் எடுத்தன். அவ பொறுமையாக் கேட்டிட்டு, மருந்தைத் திருப்பி எடுக்க ஏலாதெண்டும், அதுவாத்தான் விட்டுப் போகுமெண்டும் சொன்னவ. "அன்ரி, நான் கேட்டனான் தானே, ஊதுற வேலை..." எண்டு இழுத்தவ. நான் கோலை வெட்டினன். கேட்டதுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

குடிபூரலுக்கு ரெண்டு கிழமைதான் கிடந்துது. நான் செய்யாத வைத்தியம் இல்லை. நல்லெண்ணெய் பூசி உருவினன். துணியைச் சுடுதண்ணியில தோய்ச்சு ஒத்தினன். பலூன் வாங்கி ஊதினன், பலூன் என்னைப் பார்த்துச் சிரிச்சுது. இவர் ஒரு நாள் முழுக்க அடக்கி வைச்சிருந்து பிறகு கேட்டார், "டக்கின்ர ஹோனை அடிச்சு விடவோ? சம்பூருக்கு வடிவாக் கேக்கும்." எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பும் ஒரு பக்கத்தால மட்டும் வந்து, அதைப் பார்த்து அவர் இன்னும் சிரிச்சு, கடைசியில ரெண்டு பேரும் குசினி நிலத்தில இருந்திட்டம்.

ஆனா இரவு படுக்கேக்க சிரிப்பு இல்லை. அக்காவுக்கு என்ன சொல்லுறது? அந்தத் தகரக் கொட்டிலில எத்தினை மாரியை அவ வாளி வைச்சு ஒழுக்குத் தண்ணி ஏந்திக் கழிச்சவ. அந்த வீட்டுக்கு அவ கேட்டது என்னட்ட ஒரே ஒரு சத்தம்.

கடைசியில சொன்னனான். அக்கா முதல்ல விளங்காமல், "எங்க ஊசி? பல்லுக்கோ?" எண்டு கேட்டவ. விளங்கப்படுத்தினாப் பிறகு விழுந்து விழுந்து சிரிச்சவ. "எடியே, வாய்க்கு மேல கோடு கிடந்தால் ஆருக்கு என்னடி? உன்னை இனிப் பொம்பிளை பாக்க வாறாங்களே?" நானும் சிரிச்சன். பிறகு அவவின்ர குரல் தணிஞ்சுது.

"அப்ப சரி, குரவை இல்லாமலே காய்ச்சுவம்" எண்டவ. "பால் பொங்கும்தானே."

அந்தக் குரல்தான் எனக்குத் தாங்க ஏலாமல் போச்சுது. என்னில எனக்கு வந்த வெக்கத்தைச் சொல்ல ஏலாது. ஒரு வீடியோக்காரனுக்குப் பயந்து வாயைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன்.

இவர்தான் ஒரு வழி சொன்னார். போனில குரவைச் சத்தம் எடுக்கலாமாம். தேடிப் பார்த்தம், கோயில் திருவிழாக் குரவை நல்ல சத்தமா ஒண்டு கிடந்துது. பால் பொங்கேக்க இவர் ஆக்களுக்குப் பின்னால நிண்டு போனை அமத்துறது, நான் வாயைத் திறந்து ஆட்டுறது, மற்றப் பொம்பிளையள் அதோட எடுத்திடுவினம். அக்காவுக்குச் சொல்லேல்லை. ஒரு ஸ்பீக்கரும் கொண்டு போனம்.

குடிபூரல் அண்டைக்கு விடியக் காலமை கிண்ணியா, மூதூர் பாலமெல்லாம் தாண்டிப் போய் இறங்கினம். வீடு வடிவா இருந்துது. புதுப் பெயின்ற் மணம், முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை, நிலத்துக்கு வெள்ளை மாபிள். பழைய கிணத்துக் கட்டுக்கும் பெயின்ற் அடிச்சிருந்தினம். ஊர்ப் பொம்பிளையள் கொஞ்சப் பேர் முதலே வந்து நிண்டினம். அதில ஒரு மாமி, ஊர் வழமையைப் பற்றி எல்லாருக்கும் வகுப்பெடுக்கிறவ. என்னைக் கண்ட உடன, "குரவைக்காறி வந்திட்டா" எண்டு சத்தமாச் சொன்னவ.

அக்கா சந்தன நிறச் சாறி உடுத்துக்கொண்டு நிண்டவ. என்ட நாடியைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பி, "வடிவாத்தான் இருக்கு, விசரி" எண்டவ. அவ்வளவு கிட்டத்தில எனக்கு அவவின்ர முகம் தெரிஞ்சுது. என்னை விட மூத்தவ. கண்ணைச் சுத்தி, நெத்தியில, கழுத்தில எல்லாம் சுருக்கம். மேல் உதட்டில மட்டும் ஒரு கோடு இல்லை. முதல்ல எனக்குப் பொறாமை வந்துது. பிறகுதான் டொக்டர் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்துது, அசையாட்டி கோடு விழாதெண்டு. அத்தான் போன நாள் துவக்கம் அக்கா அந்த வாயைக் குவிக்கவே இல்லை. எனக்கு ஊசி போட்டுத்தான் அது நிண்டது.

ஐயர் மந்திரம் முடிச்சார். நடு வீட்டில மூண்டு கல்லு வைச்சு, புதுப் பானையில பால் ஏத்தி, அடுப்பை நான் மூட்டினன். அக்கா அறை வாசலுக்கு அங்கால, கதவோட ஒதுங்கி நிண்டவ. வீடியோக்காரன் என்ட வாய்க்கு நேர வந்து குந்தினான். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டு வந்துது. நான் இவரைப் பார்த்துத் தலையாட்டினன். இவர் அமத்தினார்.

ஸ்பீக்கரில இருந்து ஒரு பொம்பிளை நல்ல வடிவான குரலில, இந்தச் சவுக்காரம் போட்டால் வெள்ளை உடுப்பு எப்பிடி மின்னுமெண்டு சொல்லத் தொடங்கினவ.

விளம்பரம். அது முடியாமல் குரவை வராது. இவர் போனைக் குத்துறார், சவுக்காரக்காறி விடுறா இல்லை. பால் பொங்கி வழியத் தொடங்கீட்டுது. வேற வழி இல்லாமல் நான் தலையை நிமிர்த்தி, இருக்கிற பலத்தையெல்லாம் குடுத்து வாயைத் திறந்தன். பூஸ்ஸ் எண்டு காத்தும் எச்சிலும் போய் அடுப்பில விழுந்து சீறிச்சுது. ஆரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சது கேட்டுது. பால் நாலு பக்கத்தாலயும் வழியுது. ஒருத்தரும் குரவையை எடுக்கேல்லை. முதல் குரவை விழுந்தால்தானே எடுக்கிறது.

அப்பதான் கதவுப் பக்கத்தில இருந்து வந்துது.

திரும்பிப் பார்க்க முதலே எனக்குத் தெரிஞ்சிட்டுது ஆரெண்டு. முதல் கொஞ்சம் கரகரத்து, பிறகு பிடிச்சுக்கொண்டு மேல ஏறிச்சுது. புது வீடு வெறுமையாக் கிடந்ததால சுவரெல்லாம் பட்டுத் திரும்பிச்சுது. அக்கா கதவை விட்டிட்டு நடு வீட்டுக்கு வந்து, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு போட்டவ. சிரிச்ச சிரிப்பில வந்த கண்ணீரோ வேற கண்ணீரோ தெரியாது, கன்னமெல்லாம் ஈரம். மூச்சு முடியிற மட்டும் விடேல்லை.

முடிஞ்ச உடன எல்லாரும் அந்த மாமியைத்தான் பார்த்தினம். நானும் பார்த்தன், அவ வாயைத் திறந்து ஏதும் சொன்னால் என்ட வாயில மிச்சம் இருக்கிறதை வைச்சாவது கிழிக்கிறதெண்டு. மாமி அக்காவைப் பார்த்தவ, பாலைப் பார்த்தவ. பிறகு தலையை நிமிர்த்தி ரெண்டாவது குரவையை அவவே எடுத்தவ. அதோட எல்லாப் பொம்பிளையளும் எடுக்க, வீடே அதிர்ந்துது. அக்காவின்ர மகன் பானையைப் பார்க்கிறனெண்டு குனிஞ்சு கண்ணைத் துடைச்சவன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பானை கழுவுற இடத்தில நானும் அக்காவும் தனிய நிண்டம். "எப்பிடி அக்கா?" எண்டு மட்டும் கேட்டன்.

"என்ன எப்பிடி? என்ட வீட்டுப் பால் சும்மா வழிஞ்சுகொண்டு கிடக்குது, ஒருத்தி சவுக்காரம் விக்கிறாள், நீ அடுப்பில துப்புறாய். நான் பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?" எண்டவ. பிறகு பானையைக் கவிட்டு வைச்சிட்டு, "அவர் இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பார்" எண்டவ.

என்ட உதடு ரெண்டு மாதத்தில திரும்பி வந்துது. ஒரு நாள் தேத்தண்ணியை ஊதினன், ஆறிச்சுது. குண்டூசி நிண்டுது. கோடுகளும் ஒண்டும் குறையாமல் வந்து சேர்ந்துது. டொக்டர் பிள்ளையின்ர இடத்தில இருந்து கோல் எடுத்து, திரும்பப் போட வாறீங்களோ எண்டு கேட்டவை. அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு கோவமும் இல்லை. "நான் ஊதுற வேலைதான் பிள்ளை" எண்டு சொல்லி வைச்சனான்.

அந்த வீடியோவில சவுக்கார விளம்பரம் முழுசா இருக்கு. அக்காவின்ர மகன் வெட்ட விடமாட்டனெண்டிட்டான். கனடாவில மகள் அதை எத்தினையோ பேருக்குக் காட்டிச் சிரிச்சிட்டாள்.

இப்ப சம்பூரில நல்ல காரியமெண்டால் அக்காவைத்தான் கூப்பிடுகினம். முதல் கூப்பிட்டது அந்த மாமிதான், தன்ர பேத்தியின்ர கலியாணத்துக்கு. அக்கா கடும் பச்சைச் சாறி எடுத்து, பிளவுஸ் தைக்க என்னட்டத்தான் அனுப்பினவ.

போன கிழமை பின்னேரம் நான் நூல் கோத்துக்கொண்டு இருக்கேக்க வீடியோ கோல் எடுத்தவ. படம் முழுக்க ஒரு வாய் மட்டும். போனைக் கொண்டுபோய் மேல் உதட்டோட ஒட்டிப் பிடிச்சிருக்கிறா.

"வடிவாப் பார்" எண்டவ. "எனக்கும் கோடு விழத் தொடங்கீட்டுது. தெரியுதோ?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தன். எனக்கு ஒண்டும் தெரியேல்லை.

"ஓம் அக்கா" எண்டன். "வடிவாத் தெரியுது."